கோயில் வேலைக்கு இரண்டரை லட்சம் கேட்கிறார்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருக்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு கோயிலில் ஆறு ஆண்டுகளாகத் தினக்கூலிக்குப் பெருக்கும் வேலை பார்க்கிறேன். இப்போது அருகிலுள்ள பெரிய சிவன் கோயிலில் சீட்டு விற்பனை எழுத்தர், காவலர், திருவலகு (பெருக்கும் வேலை) என்று சில பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இது அரசாங்க வேலை, ஓய்வூதியம் உண்டு, விட்டுவிடாதே என்று தம்பி சொல்கிறான். என் கணவருக்கு 43 வயது. சுமை தூக்கும் வேலை செய்கிறார், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். அவர் காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா? உறவினர் மூலம் அறிமுகமான ஒருவர், இரண்டரை லட்சம் கொடுத்தால் மேலே பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். முன்பணம் மட்டும் ஐம்பதாயிரம். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். இரண்டு ஆண்டுக்கு முன்பு வேறொரு கோயிலுக்கு விண்ணப்பித்தேன், பதிலே வரவில்லை. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்தும் ஆதார் அட்டையில் கணவரின் முதலெழுத்தும் இருக்கின்றன. அதனால்தான் தள்ளிவிட்டார்களோ என்று சந்தேகம். நேர்காணல் என்றாலே கை நடுங்குகிறது. வழி சொல்லுங்கள்.

(தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நகையைப் பெட்டிக்குள் வையுங்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

கோயில் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். நடுவில் எத்தனையோ முறை நியமனக் கோப்புகளைக் கட்டியிருக்கிறேன், நேர்காணல் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து சான்றிதழ் சரிபார்த்திருக்கிறேன். உங்களிடம் பணம் கேட்பவரைப் போன்றவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை அந்த மேசையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். அறிவிப்பு வந்த அன்றே ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். பத்துப் பதினைந்து பேரிடம் ஆளுக்கு ஐம்பதாயிரம் வாங்குவார்கள். அந்தப் பணம் மேலேயும் போகாது, பக்கத்திலும் போகாது. அவர்கள் செய்வதெல்லாம் காத்திருப்பதுதான். அந்தப் பதினைந்து பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ தம் தகுதியில் தானாகவே வேலை கிடைக்கும். உடனே அவர்கள் வீட்டுக்குப் போய், "பார்த்தீர்களா, முடித்துவிட்டேன், மீதியைக் கொடுங்கள்" என்று நிற்பார்கள். கிடைக்காதவர்களுக்கு, "உங்கள் கோப்பு அடுத்த முறை" என்று இழுத்தடிப்பார்கள். நல்லவராக இருந்தால் பாதியைத் திருப்பித் தருவார். எழுதிக் கொடுக்காத பணத்துக்கு எந்தக் காவல் நிலையத்தில் போய் நிற்பீர்கள்?

ஒருமுறை ஒரு பெரியவர் நியமன ஆணையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மகன் பெயருக்கு ஆணை. நல்ல தாளில் அடித்திருந்தது, கோபுர முத்திரை இருந்தது, கையெழுத்தும் இருந்தது. கோப்பின் பதிவு எண்ணான ந.க. எண்ணைப் பதிவேட்டில் தேடினால், அந்த எண்ணில் இருந்தது மின்கட்டணக் கோப்பு. "சேரச் சொல்லியிருக்கிறார்கள், வேட்டி கூடப் புதிதாக வாங்கிவிட்டோம்" என்றார். ஒரு மா நிலத்தை விற்றுக் கொடுத்திருந்தாராம். வாசல் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மத்தியானம் அலுவலகத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். ஆக, நகையும் போய், புகார் கொடுக்கவும் பயந்து, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய நிலை வரும். தரகர்களுடைய முதலீடே அந்தப் பயம்தான்.

கோயில் நியமனங்களில் சிபாரிசே கிடையாது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. சட்டப்படி நியமிப்பவர்கள் அறங்காவலர்கள், அறங்காவலர் குழு இல்லாத இடத்தில் அவர்களுக்குப் பதிலாகப் பொறுப்பு வகிக்கும் தக்கார். அவர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் அப்படிச் சிபாரிசு உள்ளவன் தேநீர்க் கடையில் முன்பணம் கேட்கும் ஆள் வழியாக வருவதில்லை.

இனி தம்பி சொன்னதற்கு வருகிறேன். இது அரசாங்க வேலையா? பாதிப் பேர் குழம்பும் இடம் இதுதான். அறநிலையத் துறை வேறு, கோயில் வேறு. சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. மாவட்டங்களில் இணை ஆணையர், உதவி ஆணையர் அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே இருக்கும் அலுவலக உதவியாளர், ஓட்டுநர், இரவுக் காவலர் போன்றோர் அரசு ஊழியர்கள். சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வரும். அதற்குச் சாதிப் பிரிவுவாரியாக இடம் ஒதுக்கும் இனச்சுழற்சி உண்டு, வயது வரம்பும் கறார். அலுவலக உதவியாளர் என்றால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் மிதிவண்டி ஓட்டத் தெரிவதும் போதும், ஆனால் வயது பொதுப் பிரிவுக்கு 32, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 34, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 37 என்ற அளவில் நிற்கும். உங்கள் கணவர் எந்தப் பிரிவாக இருந்தாலும் அதைத் தாண்டிவிட்டார்.

நீங்கள் பார்த்த அறிவிப்பு அந்த வகை அல்ல. அது கோயிலின் வேலை. சம்பளம் உண்டியலிலிருந்தும் சீட்டிலிருந்தும் நிலக் குத்தகையிலிருந்தும் கடை வாடகையிலிருந்தும் வருகிற கோயில் நிதியிலிருந்து கொடுக்கப்படும். நியமன ஆணையில் கையெழுத்துப் போடுபவர் அந்தக் கோயிலின் நிர்வாகம். 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டமும், 2020-இல் வந்த கோயில் பணியாளர் பணி விதிகளும் உங்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் நீங்கள் அரசு ஊழியர் ஆகிவிடமாட்டீர்கள். அரசு ஊழியரின் ஓய்வூதியக் கணக்கைத் தம்பி இதில் போட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவார். அதற்காக வேலை மட்டம் என்று பொருள் இல்லை. கோயிலுக்கு வருமானம் இருந்தால் நிம்மதியான வேலைதான். வருமானம் குறைந்த கோயில்களில் ஏன் காலியிடத்தை நிரப்பாமலே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? சம்பளச் செலவு கோயில் வருமானத்தில் இன்ன விகிதத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. எனவே கோயிலின் வரவைப் பார்த்து விண்ணப்பிப்பது பேராசை ஆகாது.

அறிவிப்பில் இன்னொரு சொல்லையும் தேடிப் பாருங்கள். 'காலமுறை ஊதியம்' என்று இருக்கிறதா, 'தொகுப்பூதியம்' என்று இருக்கிறதா? காலமுறை என்றால் ஊதிய விகிதம் எண்ணாகவே போட்டிருக்கும். பெரிய கோயில்களில் சீட்டு விற்பனை எழுத்தருக்கு ரூ.18,500–58,600, காவலருக்கு ரூ.15,900–50,400, திருவலகுக்கு ரூ.10,000–31,500 என்ற அளவில் பார்த்திருக்கிறேன். முதல் எண் தொடக்க அடிப்படைச் சம்பளம், அதன் மேல் படிகள் சேரும். இரண்டாவது எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அதை எட்டும் முன்பே பலர் ஓய்வு பெற்றுவிடுவார்கள். தொகுப்பூதியம் என்றால் மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. ஆண்டு உயர்வும் பணிப்பதிவேடும் அதில் எதிர்பார்க்க முடியாது. ஒரே அறிவிப்பில் இரண்டு வகையும் கலந்து வருவதுண்டு, அதனால் அட்டவணையை வரிவரியாகப் படியுங்கள்.

விண்ணப்பிப்பவர் இந்து சமயத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றி அடிக்கடி கடிதம் வருகிறது. கோயில் நிதியில் நடக்கும் கொளத்தூர் கபாலீசுவரர் கல்லூரியின் அலுவலக உதவியாளர் வேலைக்கு இந்துக்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டதை எதிர்த்த வழக்கில், 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அறநிலையத் துறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைக் காட்டி அந்த நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு அதில் சிக்கல் இல்லை, மேலே போவோம்.

எந்தப் பதவிக்குப் போடுவது? சீட்டு விற்பனை, திருவலகு இரண்டுக்கும் போடுங்கள். கோயில் வேலைகளை வெளித்துறை, உள்துறை, தொழில்நுட்பம் என்று பிரித்திருப்பார்கள். அர்ச்சகர், ஓதுவார், அர்ச்சகருக்கு உதவும் பரிசாரகர், மடப்பள்ளியில் சமைக்கும் சுயம்பாகி, நாதஸ்வரம், தவில் எல்லாம் உள்துறை. மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் தொழில்நுட்பம். அதற்கு ஐ.டி.ஐ. சான்று கேட்பார்கள். அலுவலகமும் சீட்டு விற்பனையும் காவலும் வெளித்துறை. திருவலகு என்பது நீங்கள் ஆறு ஆண்டாகப் பார்க்கும் வேலைதான். அலகு என்றால் விளக்குமாறு, கோயிலில் அதற்குத் திரு சேர்த்துவிட்டார்கள்.

சீட்டு விற்பனைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்றுதான் இருக்கும். ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பட்டதாரிகள் நிறைய இருப்பார்கள். அதைக் கண்டு ஒதுங்க வேண்டாம். அந்த வேலைக்குப் பட்டத்தை விடக் கையும் வாயும் நிதானமாக இருப்பது முக்கியம். பிரதோஷத்தன்று மாலை நான்கரை மணிக்குக் கவுன்டரில் உட்கார்ந்து பாருங்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஐம்பது கை நீளும். ஒருவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி அர்ச்சனைச் சீட்டு ஒன்று கேட்பார். அடுத்தவர் நட்சத்திரம் சொல்லிக்கொண்டே கைபேசியில் பேசுவார். மூன்றாமவர் மாற்றுத்திறனாளி வழி எங்கே என்று கேட்பார். இரவு நடை சாத்தியபிறகு கணினி சொல்லும் தொகையும் பெட்டியில் இருக்கும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். நாற்பது ரூபாய் குறைந்தால் உங்கள் கையிலிருந்து போட வேண்டும். நாற்பது ரூபாய் கூடுதலாக இருந்தாலோ இன்னும் தொல்லை. அது யாருடைய மீதி, ஏன் கொடுக்கவில்லை என்று விளக்கம் எழுத வேண்டும். எங்கள் கோயிலில் ஒரு அம்மா இருந்தார். ஒவ்வொரு தாளையும் வாங்கியதும் "இருநூறு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியில் போடுவார். கேலி செய்தார்கள். பதினெட்டு ஆண்டில் அவர் விளக்கம் எழுதி நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்டால், கிடைக்கும் வாய்ப்பு திருவலகில் அதிகம், பிழைப்பு சீட்டு விற்பனையில் நன்றாக இருக்கும். முதலில் உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு பதவி உயர்வுக்கு விதியில் வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தகுதிக்கே அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 8 தேர்வு எழுதி கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் நான்காம் நிலைச் செயல் அலுவலர் ஆனவர்களும் உண்டு. சைவம், வைணவம் பற்றிய தாளும் அதில் இருக்கிறது. இப்போதைக்கு அதை ஓரமாக வையுங்கள்.

உங்கள் கணவர் காவலர் வேலைக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள். கோயில் பணிக்கு இப்போதைய அறிவிப்புகளில் வயது 18-க்கு மேல் 45-க்குள் என்று இருக்கிறது. வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் ஜூலை 1. கோயில் கணக்குக்கு ஆண்டு தொடங்குவதும் அன்றுதான். இன்னும் நாங்கள் பழைய நிலவரி ஆண்டுக் கணக்கான பசலியில்தான் எழுதுகிறோம், 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி. முதல் நாள் அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகள் அந்த எண்ணைப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைப்பார்கள்.

காவல் வேலை என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்குவது என்று எண்ணாமல் இருக்க இரண்டு செய்தியை அவரிடம் சொல்லுங்கள். 2025 நவம்பரில் ராஜபாளையத்தை அடுத்த தேவதானம் சிவன் கோயிலில் இரவுக் காவலில் இருந்த இருவர் கொள்ளையடிக்க வந்தவர்களால் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் மடப்புரம் காளி கோயிலில் ஒப்பந்தக் காவலாளியாக இருந்த இளைஞரிடம் ஒரு பக்தர் காரை நிறுத்தச் சாவி கொடுத்தார். காரிலிருந்த நகையைக் காணோம் என்று பின்னர் புகார் எழுந்தது, அந்த இளைஞர் காவல் துறை விசாரணையில் உயிரிழந்தார். வழக்கு சிபிஐ-க்குப் போனது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பக்தருடைய சாவி, பை, நகை, குழந்தை எதையும் கையில் வாங்காதே, பொருள் வைக்கும் இடத்துக்கு அனுப்பு என்று நான் என்னிடம் வேலை செய்த ஒவ்வொரு காவலரிடமும் சொல்லியிருக்கிறேன். கோயிலுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து, வாசலில் கைபேசியை வாங்கி டோக்கன் கொடுக்கும் வேலையும் பல இடங்களில் சேர்ந்துவிட்டது. டோக்கன் மாறினால் யாருடைய கைபேசி யாரிடம் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்ற முறை பதில் வராததற்குக் காரணம் முதலெழுத்தாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விண்ணப்பங்கள் வந்து குவியும் காட்சியை நீங்கள் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் பாய் விரித்து, தபாலைக் கொட்டிப் பதவிவாரியாகப் பிரிப்போம். உறையின் மேல் பதவியின் பெயரும் அட்டவணையில் அதற்குரிய வரிசை எண்ணும் எழுதச் சொல்லியிருக்கும். பத்தில் இரண்டு உறை மொட்டையாக வரும். அவற்றைத் தனியே ஒரு கோணிப்பையில் போடுவோம், நேரம் இருந்தால் பிரிப்போம். பிரித்துப் பார்த்தால் ஒன்றில் புகைப்படம் இருக்காது, ஒன்றில் கையெழுத்து இருக்காது. ஒன்றில் அசல் மதிப்பெண் சான்றிதழே இருக்கும். அதைத் திருப்பி அனுப்ப முகவரி தேட வேண்டும். இரண்டு பதவிக்கு ஒரே விண்ணப்பத்தில் 'அல்லது' போட்டு எழுதியவர்கள் உண்டு. கடைசி நாள் மாலை 5.45 மணிக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்றால், அன்று தபாலில் சேர்த்தது கணக்கில் வராது. ஆறு மணிக்கு மூச்சிரைக்க ஓடி வந்த ஒருவரிடம் பதிவேடு மூடியாயிற்று என்று சொன்னபோது எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒருவருக்குத் திறந்தால் வழக்கு வரும்.

விண்ணப்பப் படிவத்தைக் கோயிலின் இணையதளத்திலோ அறநிலையத் துறையின் இணையதளத்திலோ எடுங்கள். துறையின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படிவத்தை நிரப்ப வேண்டாம், பழைய அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றிப் பரப்புகிறார்கள். வசதி இருந்தால் நேரிலேயே கோயில் அலுவலகப் பலகையில் ஒட்டியிருப்பதைப் படித்துவிடுங்கள். பக்கத்து ஊர்தானே. நேரில் கொடுக்கலாம் என்று இருந்தால் நேரிலேயே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தபால் என்றால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் அதோடு சேர்ந்துவிட்டது. அஞ்சல் தலை ஒட்டிய சுயமுகவரி உறை கேட்டிருந்தால் அதையும் உள்ளே வையுங்கள். நேர்காணல் அழைப்பு அதில்தான் வரும், சென்ற முறை அதை வைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஜெராக்ஸ் பிரதிகளில் யார் சான்றொப்பம் இட வேண்டும் என்று அறிவிப்பு சொல்கிறதோ அவரிடமே வாங்குங்கள். பச்சை மை கையெழுத்துக் கேட்டிருக்கும் இடத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அதுவும் கோணிப்பைக்குத்தான் போகும்.

பெயர் விஷயம் இப்படி. விண்ணப்பத்தில் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரையும் முதலெழுத்தையும் மட்டுமே எழுதுங்கள். சாதிச் சான்றிதழ் எப்படியும் உங்கள் தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும், அது பள்ளிச் சான்றிதழோடு பொருந்திவிடும். மாறுவது ஆதார் ஒன்றுதான். இ-சேவை மையத்துக்கோ ஆதார் மையத்துக்கோ போய் அதைத் திருத்த மனுப் போடுங்கள். பெயரை இரண்டு முறைக்கு மேல் மாற்ற முடியாது, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துக் கொடுங்கள். திருத்திய அட்டை வருவதற்குள் கடைசி நாள் வந்துவிட்டால் அப்படியே விண்ணப்பித்துவிடுங்கள். மனுவின் ரசீதையும் திருமணச் சான்றையும் நேர்காணலுக்குக் கையில் கொண்டு போங்கள். கணவரின் முதலெழுத்தைப் போடும் பெண்கள் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு, மேசையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆறு ஆண்டு வேலை! அதற்குக் காகிதம் இருக்கிறதா? வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா, கூலி வாங்கியதற்குச் செலவுச்சீட்டில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்தீர்களா, அல்லது வேறொருவர் பெயரில் எழுதி உங்களுக்குக் கொடுக்கிறார்களா? கடைசியாகச் சொன்னது சிறிய கோயில்களில் நடப்பதுதான். செயல் அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, இன்ன தேதியிலிருந்து இன்ன வேலை என்று முத்திரையுடன் அனுபவச் சான்று வாங்குங்கள். மனுவின் பிரதியில் பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்து வாங்குவது உங்கள் உரிமை. பெரிய கோயில் அந்த அனுபவத்துக்கு முன்னுரிமை கொடுக்குமா என்பது அந்த அறிவிப்பைப் பொறுத்தது. ஆனால் காகிதம் உங்களுக்கு வேறு வகையிலும் உதவும். ஐந்தாண்டுக்கு மேல் தற்காலிகமாக வேலை பார்த்த கோயில் பணியாளர்களை 2021-க்குப் பிறகு பணிவரன்முறை செய்தார்கள், அதாவது நிரந்தரமாக்கினார்கள். அப்போது பெயர் சேர்ந்தவர்களுக்கும் விடுபட்டவர்களுக்கும் இருந்த வித்தியாசம் பதிவேடுதான். இருபது ஆண்டு விளக்கு ஏற்றிய ஒருவருடைய பெயர் ஒரு தாளிலும் இல்லை. ஊரே சாட்சி சொன்னது. கோப்பில் ஊரைச் சேர்க்க முடியாதே. மறுபடி இப்படி ஒரு பட்டியல் எடுத்தால் உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டும். அதனால் பெரிய கோயிலின் ஆணை கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை ஒரு நாள் கூட விடாதீர்கள்.

நேர்காணலுக்குக் கை நடுங்குவது இயல்பு. மேசைக்கு அந்தப் பக்கம் நான்கைந்து பேர் இருப்பார்கள், ஒருவர் உங்கள் சான்றிதழைப் புரட்டிக்கொண்டிருப்பார், உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அன்று அவருக்கு அது நூற்றி இருபதாவது சான்றிதழ். கேட்பதெல்லாம் பெரும்பாலும் கோயிலைப் பற்றித்தான் இருக்கும். மூலவர் பெயர், அம்பாள் பெயர், தல விருட்சம், தீர்த்தம், பெரிய திருவிழா எந்த மாதம். சிவன் கோயில் என்பதால் ஆறு காலப் பூஜையைக் கேட்கலாம்: திருவனந்தல், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தசாமம். கோயிலுக்குக் கோயில் பெயர் கொஞ்சம் மாறும். பழனியில் முதல் பூஜை விளா பூஜை, அடுத்தது சிறுகாலசந்தி. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் கோயிலுக்கு ஒரு நாள் காலையில் போய், நடை திறப்பதிலிருந்து உச்சிக்காலம் வரை இருந்துவிட்டு வாருங்கள். பூஜை நேரப் பலகையைப் படியுங்கள். எந்தப் பிராகாரத்தில் கூட்டம் தேங்குகிறது, குப்பை எங்கே சேர்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு அதைப் பார்க்கும் கண் இருக்கிறது.

ஒரு நேர்காணலில் திருவலகு வேலைக்கு வந்த பெண்ணிடம், "பெருக்குவதில் என்னம்மா இருக்கிறது?" என்று உறுப்பினர் ஒருவர் கொஞ்சம் ஏளனமாகவே கேட்டார். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னார்: நடை திறக்கும் முன் உள்பிராகாரம் முடிய வேண்டும், ஈரத்தில் பெருக்கினால் விபூதி கல்லில் அப்பிக்கொள்ளும், நிர்மாலியப் பூவை மிதிபடும் இடத்தில் கொட்டக்கூடாது, அபிஷேகத் தண்ணீர் வெளியே வரும் கோமுகியில் வில்வ இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கும், அதனால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். மேசையில் யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. சான்றிதழ் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். உங்கள் ஆறு ஆண்டை இப்படிச் சொல்லத் தெரிந்தால் போதும். சீட்டு விற்பனை நேர்காணலில் மனக்கணக்கு ஒன்று கேட்கக்கூடும். நான்கு அர்ச்சனைச் சீட்டு, இரண்டு நெய்விளக்கு, ஐந்நூறு ரூபாய்த் தாள், மீதி எவ்வளவு என்று வீட்டில் பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.

வேலை கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும் சிவராத்திரியும் உங்களுக்கு இல்லை. ஊருக்கு விடுமுறை என்றால் கோயிலில் கூட்டம். மார்கழி முழுவதும் விடியும் முன்பே போய் நிற்க வேண்டும். இருவருக்குமே கிடைத்துவிட்டால், இரவுக் காவல் முடிந்து அவர் வரும்போது நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் அனுப்புவது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதர் மறுபடி வந்தால் சண்டை போட வேண்டாம். "நாங்கள் விண்ணப்பம் போட்டுவிட்டோம், பணம் இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் பதவியையும் அவர் ஏற்கெனவே குறித்து வைத்திருப்பார். வேலை கிடைத்தால் வந்து நிற்பார். அன்றும் இதே பதில்தான்.

மூன்று வாரம் போதுமான நேரம். இந்த வாரம் அனுபவச் சான்று, ஆதார் மனு, சாதிச் சான்று. அடுத்த வாரம் பிரதிகள், சான்றொப்பம். உறை மூன்று வாங்குங்கள்: உங்கள் திருவலகு விண்ணப்பத்துக்கு ஒன்று, சீட்டு விற்பனைக்கு ஒன்று, கணவரின் காவலர் விண்ணப்பத்துக்கு ஒன்று. பதவியின் பெயரையும் வரிசை எண்ணையும் உறையின் மேல், இடது ஓரத்தில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒட்டும் முன் உள்ளே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.